ரசமட்டம் வீட்டுக் குளியலறை

என் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. வேலை செய்யும் இடங்களில் எல்லாம் அவன் ரசமட்டம்தான். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டை வைப்பார்களே, நடுவில் கண்ணாடிக்குள் குமிழி ஓடுமே, அதன் பெயர் அது. டீக்கடையில் உட்கார்ந்தால் மேசை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவான். சொல்வதோடு விடமாட்டான். அட்டையை மடித்து மேசைக் காலுக்கு அடியில் செருகிவிட்டுத்தான் எழுந்து வருவான்.

அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். பதினேழு வயதில் மணல் சலிக்கப் போனான். இப்போது ஐம்பத்திரண்டு. குளியலறை வேலை என்றால் நான்கு தெரு தள்ளியிருந்தும் அவனைத் தேடி வருவார்கள். அவன் போட்ட தரையில் ஒரு சொம்புத் தண்ணீரை எந்த மூலையில் ஊற்றினாலும், அது யாரையும் வழி கேட்காமல் நேராகத் தண்ணீர் வெளியேறும் ஜாலிக்குப் போய்ச் சேரும். நான் அக்கா என்பதால் சொல்லவில்லை. ஊற்றிப் பார்த்திருக்கிறேன்.

டைல்ஸ் போடக் கூப்பிட்டவர்கள் கம்மோடு வாங்கவும் அவனையே கடைக்குக் கூட்டிப் போவார்கள். நிறம், விலை பற்றி அவன் பேசமாட்டான். வீட்டில் வயதில் பெரியவர் யார், அவருக்கு முட்டி எப்படி என்று கேட்பான். பிறகு, "செருப்பு வாங்கினாப் போட்டுப் பார்க்கறீங்கல்ல, உக்காந்து பாருங்க" என்பான். கடைக்கு நடுவில் எப்படி உட்காருவது என்று ஒரு தலைமையாசிரியர் கூச்சப்பட்டாராம். இவன் பக்கத்து கம்மோடில் தானே உட்கார்ந்து அவருக்குத் துணை கொடுத்திருக்கிறான். இரண்டு பேரும் கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்து பள்ளிக்கூடத்துத் தரையைப் பற்றிப் பேசிவிட்டு வந்ததாகக் கடைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

ஊருக்கெல்லாம் இப்படிப் பார்த்துச் செய்தவன் சொந்த வீட்டில் பதினெட்டு வருடமாக ஒரு வெளிர் ரோஸ் நிறக் கம்மோடை வைத்திருந்தான். யாரோ கழற்றிப் போட்டது. டேங்க்கின் மூடி பாதிதான் இருந்தது. மீதிப் பாதிக்குப் பலகை வைத்து மூடியிருந்தோம். கம்மோடோ தரையோடு தரையாக இருக்கும். கழிவுக் குழாயை மட்டும் அவனே உட்கார்ந்து புதிதாகப் பதித்திருந்தான். மற்றதெல்லாம் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று போய்விட்டது.

முப்பத்தைந்து வருடம் மண்டியிட்டு வேலை செய்த முட்டி இரண்டும் ஒரே சமயத்தில் கணக்கை முடித்துக்கொண்டன. வலது முட்டிக்கு முதலில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண், ஆபரேஷனுக்கு அப்புறம் தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது, கம்மோடு பதினேழு அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அன்றே ரோஸ் கம்மோடு தெருவுக்கு வந்தது. அவனோடு வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் வந்து நாலு நாளில் சுவரும் தரையும் புதிதாக ஒட்டினார்கள். இவன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டையும் தன் கையால் வெட்டிக் கொடுத்தான். புதுக் கம்மோடைப் பற்றி அவன் கேட்டது இரண்டே விஷயம்.

"என்னை யாரும் தூக்கிவிடற மாதிரி இருக்கக் கூடாது. கதவு மூடணும். இது ரெண்டும் இருந்தா அது பச்சையா இருந்தாக்கூட எனக்குக் கவலையில்ல."

கதவுதான் சிக்கல். எங்கள் குளியலறை சின்னது. கதவு உள்பக்கம் திறக்கும். வெளியே திறக்க வைக்கலாமே என்று வந்தவர் போனவர் எல்லாம் யோசனை சொன்னார்கள். வெளியே இரண்டடி நடை, அதற்கு எதிரே அடுப்பு. வெளியே திறந்தால் அடுப்பங்கரையில் நிற்பவர் முதுகில்தான் கதவு போய் நிற்கும். ஆகவே பின்சுவரிலிருந்து, கதவு திரும்பும்போது அதன் விளிம்பு வந்து போகும் கோடு வரை எவ்வளவு இடம் இருக்கிறதோ, அந்த நீளத்துக்குள் கம்மோடு அடங்க வேண்டும்.

அளந்தது நான். சின்ன வயதிலிருந்தே வீட்டில் அப்படித்தான்: அளவு அக்கா, வெட்டு தம்பி. நான் ஏழாம் வகுப்போடு நின்று தையலுக்கு வந்தவள். வாசல் அறையில் மெஷின் போட்டிருக்கிறேன். முட்டியை வைத்துக்கொண்டு அவனால் குனிந்து குழாய் வாயில் டேப் பிடிக்க முடியாது என்பதும் ஒரு காரணம். அவனுடைய இரும்பு டேப் எனக்குப் பழக்கமில்லை. விட்டால் பாம்பு போலச் சரக்கென்று உள்ளே ஓடிவிடும். என் மஞ்சள் துணி டேப்பாலேயே அளந்தேன். இருபத்திரண்டு வருடமாகக் கழுத்தில் கிடக்கும் டேப் அது. பக்கச் சுவரில் கதவு விளிம்பு வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்து சீட்டில் எழுதினேன். சுவரிலிருந்து குழாயின் நடு: பதினொன்றே முக்கால். சுவரிலிருந்து கதவுக் கோடு: இருபத்தெட்டே கால்.

கடைக்கு மூன்று பேரும் போனோம். தம்பி, அவன் மனைவி, நான். தம்பி மனைவியை வீட்டில் நான் கண்ணளவு என்பேன். உப்பு, சோப்புத்தூள், திரைத்துணி எதுவானாலும் அவள் கண்ணால்தான் அளப்பாள். "அண்ணி, கண்ணு என்ன வாடகைக்கா வாங்கினேன்?" என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள். அன்று நான் சீட்டும் கையுமாக முன்னால் நடந்தேன். டேப்பை எடுத்துப் போகவில்லை. சீட்டே போதும் என்றிருந்தேன்.

கடையில் நாற்பது கம்மோடு இருந்திருக்கும். உயரம், நீளம் என்று கழித்துக்கொண்டே வந்ததில் இரண்டு மிஞ்சின. ஒன்று குட்டை. நீளம் இருபத்தைந்தரை, எங்கள் இடத்தில் தாராளமாக உட்காரும். ஆனால் உயரம் பதினைந்தரைதான். இன்னொன்று உயரமானது, பதினெட்டு. கடைப் பெண் இரும்பு டேப்பை இழுத்து அதன் நீளத்தைக் காட்டினாள். இருபத்தெட்டரை.

தம்பி முதலில் குட்டையில் உட்கார்ந்தான். கைகளைத் தொடையில் ஊன்றி முன்னால் சாய்ந்தான். எழவில்லை. மறுபடி சாய்ந்தான். முகம் சிவந்தது. ஒரு பக்கம் அவன் மனைவியும் மறுபக்கம் கடையில் மூட்டை இறக்குகிறவரும் பிடித்துத் தூக்கினார்கள். பக்கத்தில் வாஷ்பேசின் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் நின்று திரும்பியது.

"நல்ல பீஸ்தான்," என்றான் தம்பி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு. "உக்கார்றவனை விடமாட்டேங்குது."

அடுத்து உயரமானதில் உட்கார்ந்தான். தானே எழுந்தான். மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தான். மூன்றாவது தடவை தேவையே இல்லை, இருந்தாலும் உட்கார்ந்து எழுந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. நான்தான் சொல்ல வேண்டும்.

"இது வராதுடா. கால் அங்குலம் பத்தாது. கதவு இடிக்கும்."

அவன் சீட்டைக் கேட்டு வாங்கினான். மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தான்.

"குழாய் பதினொண்ணே முக்காலா?"

"ஆமா. ரெண்டு தடவை அளந்தேன்."

என்னை ஒரு தடவை பார்த்தான். சீட்டை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். குழாய் பன்னிரண்டு அங்குலத்தில் இருக்கும் வீட்டுக்கான மாடல் அதில் உட்காரும், கவலைப்படாதீர்கள் என்றாள் கடைப் பெண். உயரமானதில் ஒன்றுதான் இருக்கிறது, அடுத்த லோடு மூன்று வாரம் ஆகும் என்றும் சொன்னாள். ஆபரேஷனுக்கு இன்னும் ஒன்பது நாள். குட்டையை வாங்கி மேலே பிளாஸ்டிக் சீட் ஒன்றை வைத்து உயர்த்திக்கொள்ளலாமே என்று அவள் காட்டியதைத் தம்பி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒருத்தர் வீட்டில் அது நகர்ந்து, அதோடு அவரும் நகர்ந்து, மறுபடி ஆஸ்பத்திரியிலேயே போய் நின்ற கதையை மட்டும் சொன்னான். மாலைக்குள் சொல்கிறோம் என்று கிளம்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொன்று பேசினோம். குட்டையையே வாங்கி, ஒரு மாதத்துக்கு ஆள் பிடித்து எழுப்பிவிடலாம் என்றேன் நான். சொல்லும்போதே அது அவனுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தது. தம்பி மனைவி, கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டால் என்ன என்றாள்.

"அடுப்புக்கும் எனக்கும் நடுவுல ஒரு துணியா?" என்றான் அவன். "நீ கரண்டி போடற சத்தம் எனக்குக் கேக்கும். அது போனாப் போகுது. எனக்கு வர்ற சத்தம் உனக்குக் கேக்கும்ல."

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் குளியலறைக்குள் போய் உட்கார்ந்தான். எட்டிப் பார்த்தேன். வெறும் சுவரைப் பார்த்து உதடு அசைந்தது, விரல் ஏதோ எண்ணியது. ஆபரேஷன் பயம்தான் இப்படிப் பண்ணுகிறது என்று நினைத்து நான் மெஷினுக்குத் திரும்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து கடைக்குப் போன் போட்டான்.

"பெரிசையே அனுப்பிடுங்கம்மா."

நான் பதறினேன். அவன், "கதவு ஓரத்தை இழைச்சுக்கலாம்க்கா. கால் அங்குலம்தானே" என்றான். கதவை இழைத்தால் தாழ்ப்பாள் தள்ளிப்போகுமே, அதையும் மாற்ற வேண்டுமே என்றேன். மாற்றிக்கொள்ளலாம் என்றான். அவன் இவ்வளவு சுலபமாக ஒரு மரவேலைக்கு ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியம். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை நூல் என்பார்கள் டைல்ஸ்காரர்கள். ஒரு நூல் விலகினாலே பிரித்து ஒட்டுகிறவன் அவன்.

இரண்டாம் நாள் குழாய்க்காரர் வந்து கம்மோடை வைத்தார். எனக்கு அன்று ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடைகள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அந்தப் பள்ளிக்கூட மேனேஜருக்கு என் தையல் மிகவும் பிடிக்கும். சீட்டில் குறித்துக் கொடுக்கும் அளவைவிடக் கொஞ்சம் விட்டே தைக்கிறீர்கள், பிள்ளைகள் வளருவார்கள் என்று யோசித்துச் செய்கிறீர்கள் என்பார். நான் சீட்டில் இருந்த அளவுக்குத்தான் தைத்தேன். பாராட்டை ஏன் மறுப்பது என்று ஒவ்வொரு தடவையும் பேசாமல் வந்துவிடுவேன்.

திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கம்மோடு வெள்ளையாக, நிமிர்ந்து நின்றது. சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கதவு மூடியது, திறந்தது, எதிலும் இடிக்கவில்லை. வாசல்படியில் தம்பி இழைப்புளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலடியில் மரச் சுருள்கள்.

"முடிஞ்சுதுக்கா" என்றான்.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. துடைப்பத்தை எடுத்துச் சுருள்களைக் கூட்டினேன். முறத்தில் அள்ளும்போதுதான் கவனித்தேன். எல்லாச் சுருளும் வெள்ளை வெளேரென்று இருந்தது. எங்கள் குளியலறைக் கதவு பச்சை. மூன்று முறை பெயிண்ட் அடித்த கதவு. ஓரத்தை இழைத்தால் ஒரு பொட்டுப் பச்சையாவது வர வேண்டும்.

கதவின் ஓரத்தில் விரல் ஓட்டிப் பார்த்தேன். பெயிண்ட் அப்படியே இருந்தது. முந்தின வருடம் ஆணி கீறிய தழும்புகூட அப்படியே. தாழ்ப்பாள் மட்டும் புதிது. உள்ளே போட்டுக்கொண்டாலும் வெளியிலிருந்து நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறக்கும் வகை. பழைய தாழ்ப்பாள் இருந்த அதே இடத்தில்தான் இருந்தது.

அவன் பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து, அந்தப் பாம்பை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, பின்சுவரிலிருந்து என் பென்சில் கோடு வரை அளந்தேன். இருபத்தெட்டே முக்கால். மூன்று தடவை அளந்தும் அதேதான். வெட்டு மேசையில் இரும்பு டேப்பை நீட்டி, பக்கத்தில் என் மஞ்சள் டேப்பை வைத்தேன். என்னுடைய அறுபது, இரும்பின் அறுபத்தொன்றில் போய் நின்றது.

இருபத்திரண்டு வருடம் கழுத்தில் தொங்கி, கையில் இழுபட்டு, அது ஓர் அங்குலம் நீண்டிருக்கிறது. ஆளையும் அதனாலேயே அளந்து துணியையும் அதனாலேயே அளந்ததால் எனக்குத் தெரியவே இல்லை. ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிசெய்துகொண்டே வந்திருக்கிறது. வேறு டேப்பால் எடுத்த அளவைச் சீட்டில் எழுதி அனுப்பியவர்களுக்கு மட்டும் சட்டை கொஞ்சம் தொளதொளவென்று போயிருக்கிறது. அப்படிக் குறை சொல்லி வந்த ஒரு அம்மாவிடம், "முதல்ல உங்க வீட்டு டேப்பை மாத்துங்க" என்று நான் சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது.

வாசலுக்கு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

எது என்று அவன் கேட்கவில்லை. "கடையில. அந்தக் குழாயை வெச்சது நான். பன்னெண்டுல வெச்சேன். பதினொண்ணே முக்கால்ல நான் எதையும் வெக்கமாட்டேன்க்கா."

"அங்கேயே சொல்லியிருக்கலாம்ல?"

"இவ பக்கத்துல நின்னாளே. நீ அவளைக் கண்ணளவுங்கற. அன்னிக்கு அங்க வெச்சுச் சொல்லியிருந்தா உனக்கு அவ என்ன பேர் வெச்சிருப்பா?"

வாளியில் உட்கார்ந்து எண்ணியது டைல்ஸை. முழு டைல்ஸ் ஓர் அடி. இரண்டு முழுசு, நடுவில் ஒவ்வொரு நூலாக இரண்டு இடைவெளி, மூன்றாவதில் என் பென்சில் கோடு வரை நாலரை. இரும்பு டேப்பை எடுத்தால் சத்தம் கேட்டு நான் வந்துவிடுவேன் என்று விரலாலேயே கணக்குப் போட்டிருக்கிறான். சுருள்கள் மாடிப்படிக்கு அடியில் கிடந்த பலகையிலிருந்து வந்தவை.

"பலகையில பச்சை இல்லையேடா" என்றேன்.

"அதை விட்டுட்டேன்" என்றான்.

ஒரு வாரத்தில் கத்திக்குக் கீழே படுக்கப் போகிறவன். நடக்கவே முடியாத காலை வைத்துக்கொண்டு, மாடிப்படிக்கு அடியில் குனிந்து பலகையை இழுத்து, என் டேப்புக்காக அதை இழைத்திருக்கிறான். அந்தக் கடையில் அத்தனை பேர் முன்னால் தன்னைத் தூக்கிவிட்டபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன். என் முகம் அப்படி ஆகக் கூடாது என்று நினைத்திருக்கிறான். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மறைத்து வைப்பது எனக்குச் சரிவராது. அன்று சாப்பிடும்போது தம்பி மனைவியிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். டேப்பை எடுத்துவந்து இரும்பு டேப்பின் பக்கத்தில் வைத்தும் காட்டினேன். நன்றாக மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் இரண்டு டேப்பையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்ப என் இடுப்பு முப்பத்தாறு இல்லையா அண்ணி? இன்னும் பெரிசா?"

"அரை அங்குலத்துக்கு மேலயே பெரிசும்மா."

"புது டேப் வாங்கினாலும் எனக்கு இதையே வெச்சுக்கங்க" என்றாள். தம்பிக்குப் புரையேறியது.

பள்ளிக்கூட மேனேஜரிடமும் போய்ச் சொன்னேன். அவர், அடுத்த வருடமும் பழைய டேப்பாலேயே தையுங்கள் என்றார். ஆக, அந்த டேப் இன்னும் ஆணியில் தொங்குகிறது.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் அவன் வீட்டுக்கு வந்தான். வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடையில் நேராகக் குளியலறைக்குப் போனான். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம். அவன் திரும்பிப் பார்த்தான், நின்றுவிட்டோம். வாக்கரை வெளியே விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக உள்ளே போனான். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

தம்பி மனைவி அடுப்பை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். நான் தாழ்ப்பாளைத் திருப்ப ஒரு நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தண்ணீர் விடும் சத்தம் வந்தது. அதற்குப் பிறகும் கதவு திறக்கவில்லை. நான் நாணயத்தைத் தாழ்ப்பாளில் வைத்துவிட்டேன்.

"என்னங்க, எழுந்திட்டீங்களா?" என்றாள் அவள்.

"எப்பவோ எழுந்தாச்சு. இரு."

"அப்புறம் உள்ள என்ன பண்றீங்க?"

"குழாய்க்காரன் டேங்க்கை ஒரு நூல் இடது பக்கம் சாய்ச்சு வெச்சிருக்கான்" என்றது உள்ளிருந்து வந்த குரல். "அக்காகிட்டச் சொல்லி என் ரசமட்டத்தை எடுத்துட்டு வரச் சொல்லு."

நான் நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டு எடுக்கப் போனேன்.